மேல் ஓரத்தை மடித்துவிட்டுப் படிக்கிற நர்ஸ் வுரி

இன்று காலை நான் சந்தித்தது நர்ஸ் வுரியை. முழுப் பெயர் வுர்யானிங்சிஹ், வயது நாற்பத்து நான்கு. எங்கள் கடலோர ஊரான கராங்செபுங்கின் சுகாதார நிலையத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறார். காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் எத்தனையோ தடவை அங்கே போயிருக்கிறேன், அவரை ஒரு முறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் நானும் எல்லோரையும் போல "சரி, என்ன பண்றது" என்று தூங்கிவிடுவேன்.

எங்கள் பக்கத்து வீட்டு இபு கஸ்மினாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும் (இபு என்றால் அம்மா, பாக் என்றால் ஐயா; இங்கே மரியாதைக்குப் பெயரோடு சேர்ப்பது). மீன் சந்தைக்குப் பின்னால் வரிசையாகப் புகை அடுப்புகள் இருக்கின்றன அல்லவா, அதில் மூன்றாவது அடுப்பு அவருடையது. திருக்கை மீனைத் துண்டு போட்டு, குச்சியில் குத்தி, தேங்காய் ஓட்டுப் புகையில் வாட்டுவார். ஐம்பத்திரண்டு வயது. காய்ச்சல் என்று படுத்து நான் பார்த்ததில்லை. இன்று காலை ஏழு மணிக்கு அடுப்பு முன்னால் இருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சின் மேல் யாரோ அரிசி மூட்டையை வைத்த மாதிரி இருக்கிறது என்றார். தாடை வலித்தது. புகை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் வேர்வை சில்லென்று இருந்தது.

உடம்பில் காற்று புகுந்துவிட்டது என்று எங்கள் ஊரில் இதற்கு எல்லோரும் என்ன செய்வார்களோ அதையே அவர் கணவர் பாக் தஸ்ரிப்பும் செய்தார். குப்புறப் படுக்க வைத்தார். முதுகில் தைலத்தைப் பூசினார். பழைய நாணயத்தை எடுத்து விலா எலும்பு வரிசையில் சுரண்டினார். முதுகு முழுக்கக் கருஞ்சிவப்பாகக் கோடு விழுந்தது. சுற்றி நின்ற எல்லோரும், பார், எவ்வளவு சிவப்பு, காற்று நன்றாக உள்ளே போயிருக்கிறது என்றோம். பிறகு நெஞ்சிலும் வயிற்றிலும் தைலம், கை கால் எல்லாம் யூகலிப்டஸ் எண்ணெய். "என்றோம்" என்றுதான் எழுதுகிறேன், "என்றார்கள்" என்று இல்லை. தைல பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றதே நான்தான்.

இரண்டு மணி நேரம் ஆகியும் மூட்டை இறங்கவில்லை. என் மோட்டார் சைக்கிளில் நடுவில் அவரை உட்கார வைத்து, பின்னால் தஸ்ரிப் பிடித்துக்கொள்ள, மூன்று பேருமாகச் சுகாதார நிலையத்துக்குப் போனோம். ஒன்பது மணி ஆகிவிட்டது.

இன்று அங்கே ஆய்வு நாள். மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்து, நிலையம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துத் தரச் சான்று கொடுப்பார்களாம். வாசலில் நேற்று வரை இல்லாத பூந்தொட்டிகள். சுவரில் ஈரம் காயாத சுண்ணாம்பு. டாக்டர் மேல்மாடிக் கூடத்தில் ஆய்வாளர்களோடு இருந்தார். கீழே எங்களைப் பார்த்தவன் தெகு என்கிற இளம் நர்ஸ். நல்ல பையன்தான், அவனைத் திட்ட நான் இதை எழுதவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நெஞ்சு வலி என்றதும் ஈசிஜி எடுக்கிறேன் என்றான். சரியான முடிவு. பெண்களைப் படுக்க வைத்து எடுக்கும்போது மறைப்பதற்கு இருந்த திரையை மேலே கொண்டு போயிருந்தார்கள், ஆய்வாளர்கள் உட்காரும் கூடம் அழகாக இருக்க வேண்டும் என்று. அவனுக்கு வெட்கம். இபு கஸ்மினாவுக்கு அதைவிட வெட்கம். அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்த கையை எடுக்கவில்லை. தெகு சுவரைப் பார்த்துக்கொண்டே சட்டைக்குள் கையை விட்டு, நெஞ்சில் வைக்க வேண்டிய, ஒயர் மாட்டிய ஆறு ஒட்டுகளையும் மார்புக்குக் கீழே, கிட்டத்தட்ட மேல்வயிற்றில், ஒரே வரிசையாக ஒட்டினான். தைலத்தின் மேல் எது ஒட்டும்? இரண்டு வழுக்கி விழுந்தன. அழுத்தி வைத்தான், மறுபடி விழுந்தன, மறுபடி அழுத்தினான். இயந்திரம் தாளைத் துப்பியது.

குண்டும் குழியுமான ரோட்டில் பஸ்ஸில் உட்கார்ந்து கோடு போட்ட மாதிரி இருந்தது அந்தத் தாள். ஆனால் மேல் ஓரத்தில் இயந்திரமே ஒரு வரியை அச்சடித்திருந்தது: சைனஸ் ரிதம், நார்மல். தெகுவின் முகம் மலர்ந்தது. இரைப்பை அமிலம்தான் என்றான். மாத்திரை கொடுத்தான். டாக்டர் பிறகு கையெழுத்துப் போடுவார், வீட்டுக்குப் போகலாம் என்றான். தஸ்ரிப் என்னைப் பார்த்து, நான் அப்போதே சொன்னேன் பார்த்தாயா, காற்றுதான், முக்கால்வாசி வெளியே போய்விட்டது என்று சிரித்தார். எனக்கும் நிம்மதி. வெட்கமாக இருக்கிறது சொல்ல.

நாங்கள் வாசலைத் தாண்டும்போது, இரண்டு கை நிறையக் கோப்புகளோடு நர்ஸ் வுரி எதிரே வந்தார். மேலே கொண்டு போக வேண்டிய கோப்புகள். அவர் இபு கஸ்மினாவின் முகத்தைப் பார்த்தார். கோப்புகளைப் பூந்தொட்டி மேலேயே வைத்துவிட்டு, அந்தத் தாளைக் கொடுங்கள் என்று கை நீட்டினார்.

தாளை வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம் எனக்குப் புரியவில்லை. இயந்திரம் அச்சடித்திருந்த அந்த மேல் ஓரத்தைப் பின்பக்கமாக மடித்தார். அந்த வரி தெரியாமல் மடித்துவிட்டுத்தான் கோடுகளைப் பார்த்தார். பத்து வினாடிகூட இருக்காது.

"இத எடுத்தது யாரு?"

நான்தான் சுஸ் என்று தெகு வந்தான். எங்கள் ஊரில் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"இதயத்த எடுத்தியா, குடல எடுத்தியா? முதல் ஒட்டுலேருந்து நாலாவது ஒட்டு வரைக்கும், கோட்டுல குத்திட்டு நிக்கிற இந்த ஊசி வளர்ந்துக்கிட்டே போகணும். இங்க ஆறும் ஒரே உயரம். ஆறு பேரையும் ஒரே எடத்துல நிக்க வச்சிருக்க."

அவன் மேல் வரியைக் காட்ட வந்தான். அவர் அந்த மடிப்பின் மேல் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, அதை அப்புறம் படிக்கலாம் என்றார்.

தஸ்ரிப்புக்குப் பிடிக்கவில்லை. மருந்து கொடுத்தாகிவிட்டது, சந்தையில் அடுப்பு எரிகிறது, திருக்கை கருகிவிடும் என்று முனகினார். இபு கஸ்மினா அவர் கையைப் பிடித்து, "இருங்க பாக், எனக்கு இன்னும் பாரமாத்தான் இருக்கு" என்றார். புருஷன் பேச்சை மீறி அவர் சொன்ன முதல் வார்த்தையாக இருக்கும் அது. வுரி அவரைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஆண்கள் எல்லோரும் வெளியே. கதவுக்குத் தாழ்ப்பாள். திரை இல்லாததால், ஜன்னலை மறைக்க ஒரு லுங்கியை விரித்து என்னைப் பிடிக்கச் சொன்னார். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்க ஆரம்பித்தார். நெஞ்சு, மணிக்கட்டு, கணுக்கால். பஞ்சு பஞ்சாகத் தைலம் மஞ்சளாக வந்துகொண்டே இருந்தது. ஏழு பஞ்சு, எண்ணினேன். துடைத்துக்கொண்டே திட்டினார். எங்களையா, தைலத்தையா, திரையை எடுத்துப் போனவர்களையா என்று தெரியவில்லை. எல்லோரையும்தான் என்று நினைக்கிறேன்.

விரலால் நெஞ்செலும்பில் ஒரு முடிச்சைத் தேடினார். அங்கிருந்து விலா எலும்புகளை எண்ணிக்கொண்டே இறங்கினார். நான்காவது இடைவெளியில் நெஞ்செலும்புக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. பிறகு ஐந்தாவது இடைவெளியில், இடது கழுத்துப்பட்டை எலும்பின் நடுவிலிருந்து நேராகக் கோடு போட்டால் வந்து சேரும் இடத்தில் ஒன்று. அதற்கும் இடப்பக்கத்து ஒட்டுக்கும் நடுவில் ஒன்று. மிச்சம் இரண்டும் அதே மட்டத்தில் அக்குள் பக்கமாகச் சுற்றிப் போயின. மார்பு தடுத்தபோது, "மன்னிச்சுக்குங்க இபு" என்று சொல்லி அதை மெதுவாகத் தூக்கிவிட்டு, ஒட்டை அதன் இடத்திலேயே ஒட்டினார். அவ்வளவுதான் விஷயம். மார்பு நகரலாம், ஒட்டு நகரக் கூடாது. மூன்று நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிட வெட்கத்துக்குப் பயந்து, ஒரு ஆளையே வீட்டுக்கு அனுப்பப் பார்த்தோம்.

பத்து ஐந்துக்கு இரண்டாவது தாள் வந்தது. கோடுகள் சுத்தமாக இருந்தன. வுரி மேல் ஓரத்தை மடித்தார். பெயர், நேரம், தாள் ஓடிய வேகம் மூன்றையும் பார்த்தார். ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே பெரிய கட்டங்களை எண்ணினார். மூன்றரை. முந்நூறை மூன்றரையால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய எண்பத்தாறு துடிப்பு. ஊசிகள் சம தூரத்தில் வருகின்றன, ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் ஒரு சின்ன மேடு இருக்கிறது. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார்.  ஊசிக்குப் பின்னால் கோடு இறங்கும் இடத்தில் அவர் விரல் நின்றுவிட்டது.

கதவைத் திறந்ததும் தஸ்ரிப் உள்ளே வந்து, முடிந்ததா, போகலாமா என்றார். வுரி அவரை மேஜைக்கு இழுத்தார்.

"பாக் தஸ்ரிப், உங்க படகு கரையில நிக்குதுன்னு வைங்க. முன்னால அணியத்துல நின்னு பாத்தா, பின்னால அமரத்துல இருக்கிற ஓட்ட தெரியுமா?"

"தெரியாது."

"அதுக்குத்தான் நெஞ்சு, கை, கால்ல எல்லாம் ஒட்டி, பன்னெண்டு பேர் பன்னெண்டு பக்கம் நின்னு பாக்குறாங்க. இந்தத் தாள்ல பன்னெண்டு துண்டு இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு ஆள் பாத்தது. இப்ப இந்த ஒரு துடிப்ப மட்டும் பாருங்க. இந்தச் சின்ன மேடு, மேல் அறை சுருங்குறது. இந்த ஊசி, கீழ் அறை சுருங்குறது. கடைசி மேடு, அடுத்த துடிப்புக்கு இதயம் தயாராகுறது. ஊசிக்கும் கடைசி மேட்டுக்கும் நடுவுல கோடு தரைக்கு வந்து நிக்கணும். வந்திருக்கா?"

தஸ்ரிப் குனிந்து பார்த்தார். வலையில் கிழிசல் தேடுகிற கண் அது. "வரல. பாதியிலயே தூக்கிக்கிட்டு நிக்குது."

"எத்தன சின்னக் கட்டம்?"

"மூணு."

"ஒருத்தர் மட்டும் சொன்னா விட்டுடலாம். பக்கத்துப் பக்கத்துல நிக்கிற மூணு பேரும் அதையே சொல்றாங்க. எதிர்ப் பக்கம் நிக்கிறவங்களுக்குக் கோடு கீழ தொங்குது. இதயத்தோட முன்பக்கத்துக்கு ரத்தம் போகல, பாக். அந்தச் சதை செத்துக்கிட்டிருக்கு."

"அப்ப காத்து இல்லையா?"

"காத்துன்னா சுரண்டுனதும் போயிருக்கணும்ல? நீங்க அவங்க முதுகுல போட்ட கோட்டப் படிச்சீங்க. நான் இதப் படிக்கிறேன்."

 தஸ்ரிப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வுரி மாடிப்படியில் ஏறினார், நானும் பின்னாலேயே ஓடினேன். கூடத்து வாசலில் நிர்வாகத் தலைவர் பாக் முஜியோனோ புதுச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே டாக்டர் பினார் ஆய்வாளர்களுக்கு ஏதோ படம் காட்டிக்கொண்டிருந்தார். முஜியோனோ கையை விரித்து வாசலை மறைத்தார். கீழே எடுத்த தாளில் நார்மல் என்று இருந்ததாமே, தெகு சொன்னானே என்றார். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை, அப்போது டாக்டர் வருவார் என்றார். குரலைத் தாழ்த்திப் புன்னகையோடுதான் சொன்னார். அந்தப் புன்னகைதான் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

வுரியும் குரலைத் தாழ்த்தினார். "அது வரைக்கும் அந்தம்மா இதயத்துக்கும் இடைவேளை விடச் சொல்றீங்களா, பாக்?"

"இபு வுரி, இன்னிக்கு ஒரு நாள் மானத்தக் காப்பாத்துங்க."

அவர் கையை ஒதுக்கிவிட்டு வுரி உள்ளே போனார். டாக்டர் பினார் இளைஞர், இங்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வெளியே வந்து தாளை வாங்கி, மடிப்பைப் பிரித்து, முதலில் அந்த மேல் வரியைத்தான் படித்தார். இரண்டாவது தாளிலும் அதே வரி இருந்தது. சைனஸ் ரிதம் என்றுதானே போட்டிருக்கிறது என்றார்.

"தாளம் சரியா இருக்குன்னு சொல்லுது டாக்டர், அவ்வளவுதான். வீடு எரியும்போதும் சுவத்துக் கடிகாரம் சரியாத்தான் ஓடும். நீங்க மூணாவது நாலாவது ஒட்டப் பாருங்க."

டாக்டர் பேனா முனையால் கட்டங்களை எண்ணினார். அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. இரண்டு இரண்டு படியாக இறங்கினார். ஆஸ்பிரின் மெல்லக் கொடுக்கச் சொன்னார். இரண்டு தாளையும் படம் எடுத்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கிருந்து உடனே அனுப்புங்கள், ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து தயார் என்று பதில் வந்தது. முப்பத்து நான்கு கிலோமீட்டர், கடலோர நெடுஞ்சாலை, லாரிகள் முட்டிக்கொண்டு போகும் பாதை. அந்த ஊசிக்கு நேரம்தான் எல்லாம். ஒவ்வொரு நிமிடத்துக்கும் கொஞ்சம் சதை போகும்.

ஆம்புலன்ஸைக் காணவில்லை.

ஆய்வாளர்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டிகள் வாங்கப் போயிருந்தது.

இந்த வரியை இரண்டு முறை அடித்து அழித்துவிட்டு மறுபடி அடிக்கிறேன். கெட்ட வார்த்தை இல்லாமல் எழுத முடியவில்லை. நோயாளியைக் கொண்டு போகிற வண்டி, வறுத்த கோழியும் சம்பலும் கொண்டு வரப் போயிருந்தது. சமையல்காரி வீடு ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்தால் பெட்டி நசுங்குமாம்.

வுரி இந்த நேரத்தில் மூன்றாவது தாளையும் எடுத்தார். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும், ஒரு தாள் ஒரு நொடியைத்தான் சொல்லும், மாறுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும் என்றார். மூன்று கட்டம் இப்போது நான்கரை ஆகியிருந்தது. ஊசியும் மேடும் ஒன்றாகிவிட்டன. இபு கஸ்மினாவுக்கு மூச்சு வாங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, அடுப்பை யாராவது அணைத்தார்களா என்று கேட்டார்.

பத்தே முக்காலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. பின்கதவைத் திறந்தோம். ஸ்ட்ரெச்சர் மேல் அறுபது சாப்பாட்டுப் பெட்டிகள், நோயாளியைக் கட்டுகிற பட்டியால் இறுக்கிக் கட்டப்பட்டு, ஒய்யாரமாகப் படுத்திருந்தன. முஜியோனோ ஓடி வந்தார். ஆட்களைக் கூப்பிட்டு, பார்த்து, பார்த்து, முதலில் இதையெல்லாம் மேலே கொண்டு போங்கள், கவிழாமல் என்றார். ஆட்கள் ஐந்து ஐந்து பெட்டியாக எடுக்கப் போனார்கள்.

வுரி பட்டியை அவிழ்த்தார். இரண்டு கையாலும் ஒரு அடுக்கை அணைத்து எடுத்து, வாசலில் மண்ணில் வைத்தார். எறியவில்லை. வைத்தார். அடுத்த அடுக்கு. அடுத்தது. நானும் எடுத்தேன். தெகுவும் ஓடி வந்து எடுத்தான், அவன் கண்ணில் நீர் நின்றது. தஸ்ரிப் வலை இழுக்கிற கையால் ஒரே தடவையில் இருபது பெட்டியை வாரினார். மேல்மாடிக் கைப்பிடிச் சுவரில் ஆய்வாளர்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார்.

"இபு வுரி, இதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டி வரும்" என்றார் முஜியோனோ.

"சொல்றேன் பாக். வழிய விடுங்க, கால் மிதிபடும்."

இபு கஸ்மினாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினோம், டாக்டரும் தஸ்ரிப்பும் ஏறிக்கொண்டார்கள். வண்டி போய்விட்டது. முற்றத்தில் கோழி வாசனை. இரண்டு பூனைகள் வந்துவிட்டன.

நான் வீட்டுக்குப் போகவில்லை. தஸ்ரிப்பின் மகள் ஊரில் இல்லை, அதனால் தஸ்ரிப் என் எண்ணுக்குத்தான் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார். மருந்து அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வேலை ஓய்ந்த நேரத்தில் வுரியும் வந்து உட்கார்ந்தார். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். எந்த வகுப்புக்கும் போகவில்லை என்றார். ஒன்பது வருடம் முன்னால் நடந்ததைச் சொன்னார். அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை, யாரையோ அடிக்கப் போகிற குரலில் சொன்னார்.

பாக் லெகிமான் என்று ஒருவர். உப்பளத்தில் கூலி, நாற்பத்தேழு வயது. நெஞ்சு வலி என்று வந்தார், முதுகெல்லாம் சிவப்புக் கோடு. அன்றைக்கு ஈசிஜி எடுத்தது வுரி. மேல் வரியில் இதே வார்த்தைகள். இன்று தெகு சொன்ன அதே அமிலம், அதே மாத்திரை. சாயங்காலம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார். ஒரு மாதம் கழித்துக் கோப்பு அடுக்கும்போது வுரி அந்தத் தாளை மறுபடி பார்த்தார். எடுத்த விதத்தில் குறை இல்லை, கோடுகள் சுத்தமாகவே இருந்தன. ஊசிக்குப் பின்னால் மூன்று துண்டிலும் கோடு தூக்கி நின்றது.

"எனக்குப் படிக்கத் தெரிஞ்சது எழுத்து மட்டும்தான், அதப் படிச்சேன். கோடு அங்கயே இருந்துச்சு. அதப் படிக்க எனக்கு யாரும் சொல்லித் தரல, நானும் கேக்கல."

அன்றிலிருந்துதான் மேல் ஓரத்தை மடிக்கிறார். நிலையத்தில் எடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல், பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு. பிறகு அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று விடுமுறை நாளில் வீடு தேடிப் போய்க் கேட்பார். பிழைத்தாரா, எந்த மருத்துவமனை, என்ன சொன்னார்கள். அதைத் தாளின் பின்னால் எழுதுவார். சிலர் வீட்டில் டீ கொடுத்தார்கள், சிலர் செத்த வீட்டில் எதற்கு வந்தாய் என்று விரட்டினார்கள். ஒன்பது வருடத்தில் அறுநூற்றுச் சொச்சம் தாள். முன்பக்கம் கோடு, பின்பக்கம் அந்தக் கோட்டின் கதி. இப்படித்தான் கற்றுக்கொண்டார். திரை வேண்டும், பெண்களுக்குப் பெண் நர்ஸ்தான் எடுக்க வேண்டும், தைலத்தைத் துடைக்க ஸ்பிரிட் தனியாக வேண்டும் என்று ஆறு முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். திரை மட்டும் போன வருடம் வந்தது. அதுதான் இன்றைக்கு மேல்மாடியில் நின்றது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே முஜியோனோவின் ஆள் ஒரு கடிதத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். ஆய்வுக் குழுவின் முன் ஒழுங்கீனமாக நடந்ததற்கும், உணவைத் தரையில் வைத்ததற்கும் நாளைக் காலை எட்டு மணிக்கு எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டுமாம். வுரி படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். என் போன் அடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு மணிக்குத் தஸ்ரிப் கூப்பிட்டார்.  பன்னிரண்டு மணிக்கு ஊசி போட்டார்களாம். ஒரு மணி நேரத்தில் நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டதாம். அங்கே மறுபடி எடுத்த தாளில் கோடு பாதிக்கு மேல் தரைக்கு வந்துவிட்டது என்று டாக்டர் பினார் போனை வாங்கிச் சொன்னார். இபு கஸ்மினா பிழைத்துவிட்டார். ஆனால் முன்பக்கச் சதையில் ஒரு பகுதி போய்விட்டது, அது திரும்பி வராது. இனிமேல் புகை அடுப்பு முன்னால் நாள் முழுக்க உட்கார முடியாது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று அங்கே சொன்னார்களாம்.

ஒரு மணி நேரம். எங்கள் நாணயமும் தைலமும் தின்ற இரண்டு மணி நேரத்தை நாங்கள் ஒத்துக்கொள்கிறோம். அதற்கு மேல் நிலையத்துக்குள்ளேயே போன அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு யாரிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்பது?

வுரியிடம் சொன்னேன்.  அவர் எழுந்து, இபு கஸ்மினாவின் மூன்று தாளையும் நகல் எடுக்கப் போனார்.

இதைப் படிக்கிறவர்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். இதை உங்கள் அம்மா, அக்கா, மாமியார் எல்லோருக்கும் அனுப்புங்கள். அவர்களுக்குப் படிக்க நேரம் இல்லை என்றால் வாயால் சொல்லுங்கள்: நெஞ்சில் பாரம், தாடையில் வலி, சில்லென்று வேர்வை என்றால் நாணயத்தைத் தேடாதீர்கள், நேராகக் கிளம்புங்கள். பூசியிருந்தால் தைலத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். ஒட்டைச் சரியான இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள், பெண் நர்ஸ் வேண்டும் என்று கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். நார்மல் என்று சொன்னாலும், வலி இருந்தால் பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு தாள் எடுக்காமல் எழுந்திருக்காதீர்கள்.

இரண்டாவது, கராங்செபுங்கிலும் பக்கத்து ஊர்களிலும் இருப்பவர்களுக்கு. நாளைக் காலை ஏழரை மணிக்குச் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். கோஷம் வேண்டாம், சண்டை வேண்டாம். காத்திருக்கும் கூடத்தில் நாற்பது நாற்காலி இருக்கிறது. நர்ஸ் வுரி விளக்கம் கொடுக்கப் போகும்போது அந்த நாற்பதிலும் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். மீன் அடுப்புப் பெண்கள் பதினொரு பேர் இப்போதே வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருபத்தொன்பது.